கண்ணுக்கு எட்டிய மந்திரம்

இரணியகசிபு கேட்டு வாங்கிய வரத்தைப் போல ஜாக்கிரதையாக எழுதப்பட்ட பத்திரம் உலகத்தில் வேறொன்று இருக்க முடியாது. மனிதனாலும் சாவு கூடாது, மிருகத்தாலும் கூடாது. பகலிலும் கூடாது, இரவிலும் கூடாது. வீட்டுக்கு உள்ளேயும் கூடாது, வெளியேயும் கூடாது. பூமியிலும் கூடாது, ஆகாயத்திலும் கூடாது. பேர்போன ஹைகோர்ட் வக்கீலிடம் கொடுத்தால்கூட இதற்கு மேல் ஒரு ஷரத்தைச் சேர்க்க அவருக்குத் தோன்றாது. இருந்தாலும் என்ன? அந்தி வேளை என்று ஒன்று இருந்தது. வாசற்படி என்று ஒன்று இருந்தது. மடி என்று ஒன்று இருந்தது. கொடுத்த வாக்கில் ஓர் எழுத்தும் பிசகவில்லை. இரணியனின் குடல் மட்டும் வெளியே வந்துவிட்டது.

சிறு வயதில் இந்தக் கதையைக் கேட்டபோது எனக்கு நரசிம்மத்திடம் பயம்தான் உண்டாயிற்று. கதை எழுதுவதே தொழிலாகிப் போன பிறகு வேறொரு விஷயம் கண்ணில் பட்டது. அந்த வரம் இல்லையென்றால் அந்தக் கதையே இல்லை. மகாவிஷ்ணு வந்தார், சக்கரத்தை வீசினார், அசுரன் செத்தான் என்று ஒரே வரியில் தீர்ந்து போயிருக்கும். சர்வ வல்லமை படைத்தவரும் ஒரு ஷரத்துக்குக் கட்டுப்பட்டு, அந்த ஷரத்தின் இண்டு இடுக்குகளிலேயே வழி தேட வேண்டியிருந்ததால்தான், தூண் பிளக்கிற இடம் வரும்போது இன்றைக்கும் நமக்கு மூச்சு நின்று வருகிறது.

மந்திரம் என்று இருந்தால் அதற்குச் சட்டமும் இருந்தே தீர வேண்டும் என்கிற இந்த எண்ணத்தை எனக்குள் மறுபடியும் கிளறிவிட்டது ஓர் அமெரிக்க விளையாட்டு. அதைப் பற்றித்தான் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

விளையாட்டு என்றதும் மட்டை, பந்து, காய்கள், கட்டங்கள் ஆகியவை நினைவுக்கு வரும். இதில் அவை எதுவும் கிடையாது. நாலைந்து பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்துகொள்கிறார்கள். ஒருவர் நடுவர், கதையின் உலகம் அவர் பொறுப்பு. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். "நீங்கள் இருட்டான ஒரு சந்தில் நிற்கிறீர்கள், எதிரே ஒரு கதவு" என்பார் நடுவர். "நான் கதவில் காதை வைத்துக் கேட்கிறேன்" என்பார் ஓர் ஆட்டக்காரர். கேட்கிறதா இல்லையா என்பதைப் பகடை தீர்மானிக்கும். பகடை விழுந்ததற்கு என்ன அர்த்தம் என்பதை ஒரு தடித்த சட்டப் புத்தகம் சொல்லும். அந்தப் புத்தகத்துக்கு என்ன அர்த்தம் என்பதை நடுவர் சொல்லுவார். இந்த ஜாதி விளையாட்டில் முதலாவதாக அச்சேறியது 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்பது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிஸன் என்ற இருவர் உருவாக்கியது. 1974-ம் ஆண்டில், விஸ்கான்ஸின் மாகாணத்தில் லேக் ஜெனீவா என்ற சின்ன ஊரிலிருந்து, மூன்று சிறு புத்தகங்களாக, முதலில் ஆயிரம் பிரதிகள்தாம் வெளிவந்தன.

அதிலேயே மந்திரத்துக்குச் சட்டம் உண்டு. ஜாக் வான்ஸ் என்ற நாவலாசிரியர் 1950-ல் எழுதிய 'தி டையிங் எர்த்' என்ற கதைப் புத்தகத்திலிருந்து அவர்கள் எடுத்துக்கொண்ட யோசனை அது. மந்திரவாதி காலையில் எழுந்து மந்திரத்தை மனப்பாடம் செய்ய வேண்டும். ஒரு தடவை பிரயோகித்தால் அது மனசிலிருந்து அழிந்து போய்விடும். பரீட்சை எழுதிவிட்டு வெளியே வருகிற பையனின் நிலைதான். எந்த மந்திரம் எத்தனை தேவைப்படும் என்று முன்கூட்டியே யோசிக்கத் தெரியாதவனுக்கு அங்கே பிழைப்பில்லை.

நான் சொல்ல வந்த விளையாட்டு இதற்குப் பதினைந்து வருஷம் இளையது. பெயர் 'ஷேடோரன்'. சிகாகோ நகரத்தில் 'பாஸா' என்ற கம்பெனி அதை 1989-ல் வெளியிட்டது. அந்தப் புத்தகம் காட்டுகிற வருஷம் 2050. ஊர் அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள சியாட்டில். அதற்குள் அரசாங்கங்கள் மெலிந்து, பெரிய வியாபாரக் கம்பெனிகள் தனி ராஜ்யங்களாகிவிட்டன. உடம்புக்குள் இயந்திரங்களை வைத்துத் தைத்துக்கொள்கிறார்கள். மூளையிலிருந்து கம்பி போட்டுக் கம்ப்யூட்டர் உலகத்துக்குள் நுழைந்து, கம்பெனிகளின் ரகசியங்களைத் திருடுகிறார்கள். இதுவரை விஞ்ஞானக் கதை. ஆனால் இதே உலகத்துக்குள் மந்திரமும் திரும்பி வந்துவிட்டது. 2011 டிசம்பர் 24-ந் தேதி ஜப்பானில் பியூஜி மலைப் பக்கம் ஒரு டிராகன் கிளம்பியதாகக் கதை. 2011 வந்தும் போயிற்று. பேப்பரில் அப்படி ஒரு செய்தியும் வரவில்லை. அதனால் விளையாட்டுக்கு ஒரு குறையும் ஏற்படவில்லை. இன்றைக்கும் விளையாடுகிறார்கள், 2019-ல் அதற்கு ஆறாவது பதிப்பு வந்தது.

விட்டலாச்சார்யா படத்தையும் விஞ்ஞானப் படத்தையும் ஒரே கொட்டகையில் ஒரே திரையில் சேர்த்து ஓட்டினால் என்ன ஆகும்? இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும் என்றுதான் நான் நினைத்திருப்பேன். மந்திரத்தால் எந்தக் கதவையும் திறக்கலாம் என்றால் கம்ப்யூட்டர் திருடன் எதற்கு? கம்ப்யூட்டரால் எதையும் அறியலாம் என்றால் மந்திரவாதிக்கு என்ன வேலை? இரண்டுக்கும் நடுவே ஒரு வேலி வேண்டும். வேலி எங்கே போட்டிருக்கிறார்கள் என்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் தமக்கை வீட்டு மாடியில் பார்க்க நேர்ந்தது.

என் மருமானும் அவன் சிநேகிதர்களும் மாதத்துக்கு இரண்டு ஞாயிறுகள் அங்கே கூடி இதை விளையாடுகிறார்கள். எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள். நடுவராக உட்காருவது ஒரு பெண். கல்லூரியில் பாடம் சொல்லிக் கொடுக்கிறவள். மருமானுடைய பாத்திரம் கம்ப்யூட்டர் திருடன்; ஹேக்கர் என்று நாம் சொல்லுகிறோமே, அது. மந்திரவாதியாக வருகிறவன் நிஜத்தில் ஒரு பாங்க்கில் கவுண்டர் குமாஸ்தா. கை கால்களில் இயந்திரம் பொருத்திக்கொண்ட முரட்டு ஆசாமியாக ஆடுகிறவன், கம்ப்யூட்டர்களைத் திருடர்களிடமிருந்து காக்கிற ஒரு கம்பெனியில் உத்தியோகம் பார்க்கிற பரம சாது.

அன்றைய கட்டம் இது. ஒரு கம்பெனிக் கட்டிடத்தின் பன்னிரண்டாவது மாடியில் முரட்டு ஆசாமி மாட்டிக்கொண்டான். அவன் முதுகுக்குப் பின்னால் ஒரு காவலாளி துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நிற்கிறான். எதிர்ப் பக்கத்துத் தெருவில் ஒரு வேனுக்குள் ஹேக்கரும் மந்திரவாதியும் உட்கார்ந்திருக்கிறார்கள். கட்டிடத்துக் காமிராக்களெல்லாம் ஹேக்கரின் கையில். காவலாளியின் முகம் திரையில் பளிச்சென்று தெரிகிறது.

"அப்புறம் என்ன? திரையைப் பார்த்து மயக்க மந்திரத்தைப் போடு" என்றான் மருமான்.

"முடியாது" என்றாள் நடுவர். "மந்திரவாதி யார் மேல் மந்திரம் போடுகிறானோ, அவனைக் கண்ணால் பார்க்க வேண்டும். காமிராவில் பார்ப்பது செல்லாது."

பிடித்துக்கொண்டது சண்டை. மருமான் புத்தகத்தைப் பிரித்துவிட்டான். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நிற்பவன் மேல் மந்திரம் போடலாமா? போடலாம். நிலைக்கண்ணாடியில் தெரிகிறவன் மேல்? போடலாம். மூக்குக் கண்ணாடி, பைனாகுலர்? தாராளமாக. மெல்லிய கண்ணாடி நார் வழியே வெளிச்சம் வளைந்து வந்தால்? அதுவும் சரி. கண்ணையே எடுத்துவிட்டு இயந்திரக் கண் வைத்துக்கொண்டிருந்தால்? அதுவும் செல்லும். "இயந்திரக் கண் செல்லும், இயந்திரக் காமிரா செல்லாதா? இது என்ன நியாயம்?" என்று அவன் மேஜையைத் தட்டினான். கேள்வி லேசுப்பட்டதல்ல.

"மாமா, கதை எழுதுகிறவர் நீங்கள். நீங்களே சொல்லுங்கள்" என்று என்னையும் இழுத்தான்.

நான் கதை எழுதுகிறவன்தான். சட்டம் படித்தவன் இல்லை. எனக்குத் தெரிந்த பாரதத்தைச் சொன்னேன். திரௌபதியின் சுயம்வரத்தில் அர்ச்சுனன் தண்ணீரில் தெரிந்த நிழலைப் பார்த்து மேலே சுழன்ற மீனை அடித்தான் என்று கதை சொல்லுகிறவர்கள் சொல்லுவார்கள். அது நிலைக்கண்ணாடி. குருக்ஷேத்திரத்தில் நடப்பதைச் சஞ்சயன் ஞானதிருஷ்டியால் பார்த்து ஒன்று விடாமல் சொன்னான். திருதராஷ்டிரன் அரண்மனையில் உட்கார்ந்து கேட்டான். நூறு பிள்ளைகளும் சாகிறவரைக்கும் கேட்டான். அங்கே நடந்தது அத்தனையும் அவனுக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன்? ஓர் அம்பைக்கூட அவனால் திருப்ப முடியவில்லை. காமிரா சஞ்சயன்.

"அதேதான் அங்கிள்" என்றாள் நடுவர். பிறகு அவள் விளக்கியது எனக்குத் திருப்தியாக இருந்தது. நிலைக்கண்ணாடியில் படுகிற வெளிச்சம் அந்த ஆளின் மேல் பட்டுப் புறப்பட்ட வெளிச்சமே; திசை மாறி நம் கண்ணுக்கு வந்து சேருகிறது. காமிராவிலோ அந்த வெளிச்சம் உள்ளே விழுந்து அங்கேயே தீர்ந்து போகிறது. அதை எண்களாகக் கணக்கெடுத்து, அந்தக் கணக்கைக் கம்பியில் அனுப்பி, இந்தப் பக்கம் திரை வேறு வெளிச்சம் தயாரிக்கிறது. மந்திரவாதி பார்ப்பது ஆளை அல்ல. ஆளைப் பற்றிய கணக்கை.

"இயந்திரக் கண்ணும் கணக்குத்தானே போடுகிறது?" என்று மருமான் விடவில்லை.

இங்கேதான் அந்தச் சட்டப் புத்தகத்தின் நுட்பம் இருக்கிறது. 'ஷேடோர'னில் ஒவ்வொரு மனிதனுக்கும் 'எஸென்ஸ்' என்று ஓர் அளவு உண்டு. உயிரின் சாரம் என்று வைத்துக்கொள்ளலாம். பிறக்கும்போது ஆறு. உடம்பில் ஒவ்வோர் இயந்திரம் பொருத்தும்போதும் அது கொஞ்சம் குறையும். குறையக் குறைய மந்திர சக்தியும் குறையும். பூஜ்யத்துக்கு வந்தால் ஆள் காலி. ஆகவே இயந்திரக் கண் வைத்துக்கொண்ட மந்திரவாதி அதற்குத் தன் ஜீவனில் ஒரு பங்கை விலையாகக் கொடுத்திருக்கிறான். விலை கொடுத்ததனால் அது அவன் கண்ணாகிவிட்டது. சுவரில் தொங்குகிற காமிராவுக்கு அவன் என்ன கொடுத்தான்? ஒன்றுமில்லை. கொடுக்காத கண்ணால் பார்க்க முடியாது.

வாதம் இதோடு ஓய்ந்திருக்கலாம். ஆனால் சட்டத்தின் வாசகம் ஒன்று. அது எதற்காக அப்படி இருக்கிறது என்பது வேறு. இரண்டாவது விஷயத்தைச் சொன்னவன் மந்திரவாதியாக ஆடிய பாங்க் பையன். தீர்ப்பு மருமான் பக்கம் விழுந்தால் அவனுக்குத்தான் லாபம். அதுவரை வாயைத் திறக்காமல் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தவன், "அவள் சொல்வதுதான் சரிடா" என்றான்.

"காமிரா வழியாக மந்திரம் போடலாம் என்று வைத்துக்கொள். அப்புறம் நான் ஏன் வேனை விட்டு இறங்கப் போகிறேன்? நீயும் நானும் ஏதாவது ஓர் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால் போதும். நீ காமிராவைப் பிடிப்பாய். நான் ஒவ்வொருத்தனாகத் தூங்கப் போடுவேன். எவனுக்கும் நம் முகம் தெரியாது. எங்கள் கவுண்டருக்கு வாரம் ஒருத்தராவது வருகிறார்கள். ரிடையரானவர்கள். டெலிபோனில் எவனோ பேசினான், பணம் பூராவும் போய்விட்டது என்று சொல்லி அழுகிறார்கள். யார் எடுத்தது என்றால் கையைக் காட்ட ஆளில்லை. அந்த மாதிரிப் பயலாக நான் இங்கே வந்து ஆட வேண்டுமா?"

மேஜையில் சற்று நேரம் பேச்சில்லை.

அந்தப் பையன் சொன்னது அந்தச் சட்டத்தின் உயிர்நாடி என்று எனக்குப் பட்டது. மந்திரவாதி யாரைப் பார்க்க முடிகிறதோ, அவன் மந்திரவாதியையும் பார்க்க முடியும். எவனைத் தொடலாமோ, அவன் கைக்கு எட்டும் தூரத்தில் நீயும் நிற்க வேண்டும். அந்த விளையாட்டின் மந்திரச் சட்டங்கள் பலவும் இதையே வேறு வேறு வார்த்தைகளில் சொல்லுகின்றன. ஒவ்வொரு மந்திரமும் பிரயோகித்தவனையே திருப்பி அடிக்கும், சோர்வு வரும், சக்திக்கு மீறிப் பிரயோகித்தால் உடம்பே காயப்படும். நினைத்த மாத்திரத்தில் ஓரிடத்திலிருந்து மறைந்து இன்னோரிடத்தில் தோன்றுவது அங்கே கிடையாது. செத்தவர்களை எழுப்புவது கிடையாது. பொருள்கள் மேல் மந்திரம் போடுவதற்கும் ஒரு தரம் உண்டு. மரத்தின் மேலும் கல்லின் மேலும் மந்திரம் எளிதில் பலிக்கும். மனிதன் ஒரு பொருளை எவ்வளவுக்கெவ்வளவு பட்டறையில் போட்டுப் பக்குவப்படுத்தியிருக்கிறானோ, அவ்வளவுக்கவ்வளவு அது மந்திரத்துக்கு மசியாது. கம்ப்யூட்டர் மேல் மந்திரம் பலிப்பது மகா கஷ்டம். வேலி போட்ட இடம் இதுதான்.

மருமான் தோற்றுப்போய்விட்டான் என்று நினைக்க வேண்டாம். அவன் கொஞ்ச நேரம் திரையைப் பார்ப்பது போல மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அந்த மாடியில் ஜன்னல் இருக்கிறதா?" என்று கேட்டான். இருக்கிறது. "திரைச்சீலை கையால் இழுப்பதா, மின்சாரத்தில் ஓடுவதா?" நடுவர் சிரித்துவிட்டாள். மின்சாரத்தில் ஓடுவதுதான். காமிராக்களைப் பிடித்தவனுக்குத் திரைச்சீலை எம்மாத்திரம்! அதைத் திறந்து, அந்த அறையின் விளக்குகளையும் முழுசாக ஏற்றினான் ஹேக்கர். மந்திரவாதி வேனை விட்டு இறங்கி, நடுத்தெருவில் நின்று, பைனாகுலரைக் கண்ணில் வைத்தான். கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் காவலாளி, நிஜ வெளிச்சத்தில், நிஜமாகவே நின்றான். கைப்பிடிப் பகடைகளை உருட்டினார்கள். ஐந்தும் ஆறுமாக வேண்டிய மட்டும் விழுந்தன. காவலாளி சுருண்டு விழுந்தான். மந்திரவாதிக்கு மூக்கில் ரத்தம் வந்தது. விளக்குப் போட்ட ஜன்னலையும் தெருவில் நின்றவனையும் வேறு இரண்டு காவலாளிகள் பார்த்துவிட்டார்கள். அப்புறம் ஒரே அமர்க்களம்.

வாசற்படியையும் அந்தி வேளையையும் தேடிக் கண்டுபிடித்த சாமர்த்தியம்தான் இது. சட்டத்தை மீறவில்லை, சட்டத்தின் மேல் ஏறி நடந்திருக்கிறான். காமிரா வழி மந்திரத்தை அனுமதித்திருந்தால் ஒரு நிமிஷத்தில் காரியம் முடிந்திருக்கும். அன்றிரவு வீட்டுக்குப் போகும்போதே மறந்திருப்பார்கள். இப்போது ஜன்னலைப் பற்றி அடுத்த மாதமும் பேசுகிறார்கள். ஹேக்கர் இல்லாமல் மந்திரவாதியால் முடியாது. மந்திரவாதி இல்லாமல் ஹேக்கரால் முடியாது. வேலி இருந்ததனால்தான் இரண்டு பேரும் வேலிக்கு அருகே வந்து கைகோக்க வேண்டியிருந்தது.

ஹேக்கருக்கும் சட்டம் உண்டு. ஆனால் அது வேறு மாதிரியான தலைவலி. மந்திரத்தைப் பற்றிச் சட்டப் புத்தகம் என்ன சொன்னாலும், "நிஜத்தில் அப்படி இல்லையே" என்று எழுந்து நிற்க யாராலும் முடியாது. கம்ப்யூட்டர் விஷயம் அப்படியல்ல. முரட்டு ஆசாமியாக ஆடுகிறானே, அந்தப் பரம சாதுவான பையன், அவனுக்கு இந்த இடத்தில் தாங்காது. "எந்தக் கம்பெனியிலும் காமிராவையும் திரைச்சீலையையும் ஒரே கம்பியில் வைக்க மாட்டார்கள்" என்று ஆரம்பித்துவிடுவான். "உன் பாத்திரத்துக்குக் கம்ப்யூட்டரே தெரியாது, நீ துப்பாக்கியைத் துடை" என்று நடுவர் அடக்குவாள். ஆட்டக்காரனுக்குத் தெரிந்ததெல்லாம் பாத்திரத்துக்குத் தெரிந்ததாகாது என்பதும் எழுதாத ஒரு சட்டம். நாவல் எழுதுகிறவர்கள் பலருக்கே அது ஞாபகத்தில் நிற்பதில்லை. மாட்டு வண்டிக்காரன் வாயில் வேதாந்தத்தை வைத்துவிடுகிறோம்.

இன்னொன்றும் உண்டு. மந்திரம் பழசாவதில்லை, இயந்திரம் பழசாகிவிடுகிறது. 1989-ல் எழுதியவர்கள் 2050-ம் வருஷத்து ஹேக்கரின் கையில் ஒரு கனமான பெட்டியைக் கொடுத்து, கம்பியைச் சுவரில் செருகச் சொன்னார்கள். 2050 வருவதற்கு வெகு நாள் முன்பே கம்பியில்லாத சாதனம் நம் எல்லார் சட்டைப் பைக்கும் வந்துவிட்டது. 2005-ல் வந்த நாலாவது பதிப்பில் கதையின் வருஷத்தையே 2070-க்குத் தள்ளி, கம்பியை அறுத்துவிட்டார்கள். மந்திரச் சட்டத்தையும் பதிப்புக்குப் பதிப்பு திருத்தத்தான் செய்தார்கள்; ஆனால் கண்ணால் பார்க்க வேண்டும், பிரயோகித்தவன் சோர்வை அனுபவிக்க வேண்டும் என்ற அஸ்திவாரம் அப்படியே இருக்கிறது.

கம்பியை அறுத்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. பழைய பதிப்பில் ஹேக்கர் தன் பெட்டியைச் செருகிக் கம்ப்யூட்டர் உலகத்துக்குள் போய்விட்டால், அங்கே அவனுக்குத் தனி யுத்தம், தனிப் பகடை. அவனும் நடுவரும் ஒரு மணி நேரம் ஆடிக்கொண்டிருப்பார்கள். மற்றவர்கள் கொட்டாவி விட்டுவிட்டு ஏதாவது வாங்கித் தின்னப் போய்விடுவார்கள். அமெரிக்க ஆட்டக்காரர்களுக்குள் இது பிரசித்தமான வேடிக்கை. கம்பியில்லாத ஹேக்கர் கூட்டத்தோடு கூட நடந்து வந்தாக வேண்டும். கிட்டே போனால்தான் பல காரியங்கள் எளிதாகும். பூட்டிய அறைக்குள் தனியாக உட்கார்ந்து உலகத்தை ஆட்டி வைக்கிறவனுக்கு இந்த மேஜையில் இடமில்லை என்று, மந்திரச் சட்டம் முதல் நாளே சொன்னதைக் கம்ப்யூட்டர் சட்டம் பதினாறு வருஷம் கழித்து வந்து சொல்லிற்று.

இப்படி மேஜைக்குள் இருக்கிறவர்கள் சட்டத்தை எழுத்தெழுத்தாகப் படித்து, எதற்காக எழுதினார்கள் என்றும் யோசித்து, தமக்குள் தீர்த்துக்கொள்கிறார்கள். மேஜைக்கு வெளியே இருந்து படித்தவர்கள் சிலர் செய்ததோ விபரீதம். 1980-களில் அமெரிக்காவில் ஒரு பீதி கிளம்பியது. இந்தப் புத்தகங்களிலுள்ள மந்திரம் நிஜ மந்திரம், பிள்ளைகள் பேயோடு உறவு கொள்கிறார்கள் என்று மதப் பிரசாரகர்கள் துண்டுப் பிரசுரம் போட்டார்கள். பெற்றோர்கள் சங்கம் அமைத்தார்கள். 1989-ல் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இரண்டாம் பதிப்பு வந்தபோது, அந்தக் கம்பெனியே பேய், பிசாசு என்ற பெயர்களை எடுத்துவிட்டது.

மந்திரத்துக்கு வந்த கதி அடுத்த வருஷமே ஹேக்கிங்குக்கும் வந்தது. டெக்ஸஸ் மாகாணத்தில் ஆஸ்டின் நகரத்தில் ஸ்டீவ் ஜாக்ஸன் என்பவர் ஒரு விளையாட்டுக் கம்பெனி நடத்திவந்தார். 'கர்ப்ஸ் சைபர்பங்க்' என்ற புத்தகம் அங்கே தயாராகிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் திருடர்களைப் பாத்திரங்களாக வைத்து ஆடுவதற்கான விதிகள். பகடை உருட்டி ஹேக்கிங் செய்வது. 1990 மார்ச் 1-ந் தேதி அமெரிக்க சீக்ரெட் சர்வீஸ் போலீஸார் அந்த ஆபீசுக்குள் புகுந்தார்கள். அவர்கள் தேடி வந்தது வேறு. ஒரு டெலிபோன் கம்பெனியிலிருந்து களவு போன தஸ்தாவேஜு சம்பந்தமான சந்தேகம். ஆனால் கம்ப்யூட்டர்களை வாரிக்கொண்டு போனபோது கையெழுத்துப் பிரதியும் கூடப் போயிற்று. அதைத் திருப்பிக் கேட்கப் போன ஜாக்ஸனிடம், "இது கம்ப்யூட்டர் குற்றத்துக்குக் கைப்புத்தகம் அல்லவா?" என்று சொன்னார்களாம். வருங்காலத்தைப் பற்றிய கற்பனை விளையாட்டு என்று அவர் எடுத்துச் சொன்னது அவர்கள் காதில் ஏறவில்லை.

ஒரு சின்னக் கம்பெனியின் கதி என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். வெளிவர வேண்டிய புத்தகம் நின்று போயிற்று. வேலைக்காரர்கள் பலரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. கம்பெனியின் மேல் எந்தக் குற்றமும் சாட்டப்படவில்லை. புத்தகத்தை மறுபடியும் கோத்துக் கூட்டி அதே வருஷம் வெளியிட்டார்கள். சீக்ரெட் சர்வீஸ் கைப்பற்றிய புத்தகம் என்று அட்டையிலேயே அச்சடித்தார்கள்! ஜாக்ஸன் வழக்கும் தொடுத்தார். 1993-ல் ஸாம் ஸ்பார்க்ஸ் என்ற நீதிபதி அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லி, 50,000 டாலருக்கு மேல் நஷ்ட ஈடு கொடுக்கச் சொன்னார். அந்த வழக்குக்குத் துணை நின்ற 'எலெக்ட்ரானிக் பிராண்டியர் பவுண்டேஷன்' என்ற ஸ்தாபனம் 1990-ல் பிறந்தது. கம்ப்யூட்டர் உலகத்தில் தனி மனிதனின் உரிமைகளுக்காக இன்றைக்கும் வாதாடிவருகிறது.

அந்தப் போலீஸ்காரர்களை முட்டாள்கள் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். எனக்கு அப்படிச் சொல்லத் தோன்றவில்லை. அவர்களுக்குத் தெரிந்த புத்தகங்களில் எழுதியிருப்பது ஒன்று உண்மையாக இருக்க வேண்டும், அல்லது பொய்யாக இருக்க வேண்டும். இரண்டும் இல்லாத ஒரு வாக்கியம் உண்டு. "இங்கே உட்கார்ந்திருக்கிற நாம் நாலு பேரும் இப்படி வைத்துக்கொள்வோம்" என்கிற வாக்கியம். மேஜைக்கு வந்து உட்காராதவனுக்கு அது புரிவது கஷ்டம். 'கர்ப்ஸ் சைபர்பங்க்' புத்தகத்தை வரிக்கு வரி மனப்பாடம் செய்தாலும் அதைக்கொண்டு பக்கத்து வீட்டு அலமாரியைக்கூடத் திறக்க முடியாது. மூன்று பகடையும் மூன்று சிநேகிதர்களும் இருந்தால் சாயங்காலத்தை ஓட்டலாம்.

பாங்க் பையன் சொன்னதைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். தனக்குச் சாதகமான தீர்ப்பைத் தானே வேண்டாமென்றவன் அவன். சம்பளம் வாங்குகிற இடத்தில் அவனால் தடுக்க முடியாத ஓர் அநியாயத்தை, சம்பளமில்லாமல் ஆடுகிற இடத்திலாவது நடக்க விடக்கூடாது என்று அவனுக்கு ஒரு வீம்பு. விளையாட்டுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் சண்டை போடுகிறார்களே, வேறு வேலை இல்லையா என்று என் தமக்கை கேட்பாள். கோர்ட்டிலும் கச்சேரியிலும் கிடைக்காத ஒன்று அங்கே கிடைக்கிறது அக்கா என்று பதில் சொல்ல நினைப்பேன். அவள் அதற்குள் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு கீழே போயிருப்பாள்.

கதை எழுதுகிறவனுக்கு நடுவர் கிடையாது. கதாநாயகியை ஆற்றில் தள்ளிய கையோடு ஒரு படகை வரவழைக்கலாம். யாரும் புத்தகத்தைப் பிரித்து ஷரத்தைக் காட்டப் போவதில்லை. ஆனால் இப்போதெல்லாம் ஒரு பாத்திரம் இன்னொரு பாத்திரத்தைக் காப்பாற்ற ஓடுகிற இடம் வந்தால், நான் பேனாவைக் கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன். இவன் எங்கே நிற்கிறான், இங்கிருந்து அவளைக் கண்ணால் பார்க்க முடியுமா, பார்த்தால் இவனை வேறு யார் யார் பார்ப்பார்கள் என்று கணக்குப் போட்டுக்கொள்கிறேன். பெரும்பாலும் வேனை விட்டு அவனை இறக்கித்தான் ஆக வேண்டியிருக்கிறது.